ஒற்றைக் கோடு

முதலில் பெட்டிதான் வந்தது,
ஐந்து வாரத்துக்கு முன், நோன்சான் முகாமிலிருந்து.
சேர்ந்த அன்று உடுத்தியிருந்ததையெல்லாம்
மடித்து வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள்:
கால்சட்டை, சாம்பல் நிற ஸ்வெட்டர்,
வலது குதி தேய்ந்த ஷூ.
பெட்டியைத் திறந்தால் அம்மாக்கள் அழுவார்கள்
என்று சொல்லிவைத்திருந்தாள் எதிர்த்த மீன்கடைக்காரி.
நான் மொக்போவில் சலவைக்கடை வைத்திருப்பவள்.
முகர்ந்தேன், கறை தேடினேன்,
வெந்நீருக்கு எது, பச்சைத் தண்ணீருக்கு எது
என்று பிரித்துப் போட்டேன்.

ஷூவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு.
"வெயிலில் வைக்க வேண்டாம், கோந்து விட்டுவிடும்."
யாருக்கு என்று எழுதவில்லை.
எட்டு வருஷமாய் என்னிடம்
மொட்டையாகத்தான் பேசுகிறான் இன்சோ.
கூப்பிட ஒரு சொல் இல்லாமல்
வாக்கியத்தை நடுவிலிருந்து தொடங்குவான்,
ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறவன் மாதிரி.
ஆனால் எங்கள் வீட்டில்
ஷூவை வெயிலில் வைக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

இன்று மைதானத்தில் ஆயிரம் தொப்பி,
ஆயிரம் மொட்டை.
மார்ச் காற்று மணலை வாரிக் கண்ணில் போடுகிறது.
வாத்தியம் நின்றதும் ஒலிபெருக்கி அழைத்தது:
குடும்பத்தார் இறங்கிவந்து
பிள்ளைகளுக்குப் பட்டை ஒட்டலாம்.
தீப்பெட்டி அகலத் துணி, அதில் ஒரே ஒரு கோடு.
கடைசிப்படிச் சிப்பாய்.

பெற்றவள் இன்னும் வந்து சேரவில்லை.
வோன்ஜுவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த மியோன்
தப்பான வாசலில் நிற்கிறாள் என்று போன்.
அவன் அப்பா அவளைத் தேடிப் போனார்.
பட்டை என் கையில்.

சுற்றிலும் எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள்.
ஒரு சிறுமி அண்ணன் தொப்பியைப் பறித்து
மூக்குவரை இறக்கிப் போட்டுக்கொண்டாள்.
இவன் மட்டும் விறைப்பாய், காலி மார்போடு,
என் தலைக்கு மேலே எதையோ பார்த்தபடி.
காதுமடல் குளிரில் வெடித்திருந்தது.

"அவங்க வந்துடட்டும்," என்றேன்.
"ஒட்டுங்க."
"உங்க அம்மா..."
"பிய்ச்சும் ஒட்டலாம்," என்றான், படைக்குரலில்,
தளவாட விதி ஒன்றை ஒப்பிக்கிறவன்போல.

ஒட்டினேன்.
இருபது வருஷம் அடுத்தவர் காலரை நேராக்கிய கை
அந்தச் சின்னத் துணியை நேராக வைக்கத் தெரியாமல் விழித்தது.
அழுத்தினேன். உள்ளே நெஞ்சு ஏறி இறங்கியது.
உள்ளங்கையை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தேன்,
அவ்வளவுதான்.

அவள் ஓடி வந்தாள்,
கோட்டின் வார் தரையில் புரள.
இன்சோ குனிந்து தானே பிய்த்தான்.
சர்ர்ரென்று ஒரு சத்தம்.
புதிதாய், யாரும் தொடாததைத் தருகிறவன் மாதிரி
அவள் கையில் வைத்தான்.
அவள் ஒட்டினாள், அழுதாள்,
நான் படம் எடுத்தேன்.
மூன்றும் தெளிவாய் வந்திருக்கின்றன.

ஐந்து மணி வரை வாடகைக்கு எடுத்த அறையில்
பன்றி இறைச்சி சுட்டோம்.
நான்கு கிண்ணம் சோறு தின்றுவிட்டு
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.
அவன் வாயோரத்து எண்ணெயைத் துடைக்க
மியோன் கை நீட்டினாள்,
என்னைப் பார்த்தாள், விரல்களை மடக்கிக்கொண்டாள்.
கருகிவிடாமல் இறைச்சியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்,
தட்டில் ஏதும் மிச்சமில்லாத பிறகும்.
வாசலில் அவன் அடித்த சல்யூட்
எங்கள் மூவருக்கும் பொதுவாய்ப் போனது.

பஸ் நிலையத்தில் நானும் அவளும்,
நடுவில் நோன்சான் ஸ்ட்ராபெர்ரி ஒரு பெட்டி.
அப்பாக்காரர் வண்டியை எடுத்துவரப் போயிருந்தார்.
"முதல்ல நீங்க ஒட்டியிருந்தீங்க இல்ல?"
எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை,
அவளே சொன்னாள்:
"வாங்கினப்போ சூடா இருந்துச்சு."
நான் பழக்காம்பு ஒன்றைக் கிள்ளினேன்.
"நேரா ஒட்டினீங்களா?"
"இல்ல. கோணல்."
"எனக்கும்."

வோன்ஜு பஸ் வந்தது.
அந்தப் பெட்டியை யார் கொண்டுபோவது என்று
நடத்துனர் அதட்டுகிறவரை
இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம்.